கார் எங்கே உறங்குகிறது? குமரி மாவட்டத்துக்கு மின்சார காரா, பெட்ரோல் காரா

நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிபள்ளத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு மின்சார கார் வந்த அன்று இரவு, அத்தான் சாமி விளக்கு ஏற்றுகிறவரைப் போல மெல்லக் குனிந்து சார்ஜரைச் செருகினார். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு மினுக்கியது. பிடுங்கி மறுபடி செருகினார். மறுபடியும் சிவப்பு. அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு, "பத்து லட்சம் கொடுத்து வாங்கியது முதல் நாளே உண்ணாவிரதம் இருக்கிறது" என்றார்.

கோளாறு காரில் இல்லை, வீட்டில் இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு ஒயரிங் செய்த வீடு. ஏர்த் கம்பி எப்போதோ துருப்பிடித்து அறுந்து, சுவரோரம் மண்ணுக்குள் அரை முழம் மட்டும் மிச்சமிருந்தது. ஃபிரிட்ஜும் மிக்சியும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கார் சார்ஜர் கண்டுகொண்டது. ஏர்த் சரியில்லாவிட்டால் அது மின்சாரத்தை உள்ளே விடாது. அடுத்த நாள் எலக்ட்ரீஷியன் வந்து கிணற்றடி ஈரத்தில் புதிதாகக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, மீட்டரிலிருந்து கார் ஷெட் வரைக்கும் தடித்த ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்து, அதற்கென்று ஒரு பிரேக்கரும் வைத்துவிட்டுப் போனார். 6,500 ரூபாய். அன்று இரவு பச்சை எரிந்தது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மின்சார கார் வாங்கலாமா என்று யோசிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதைத்தான். நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. கார் இரவில் எங்கே உறங்குகிறது, அது உறங்கும் இடத்தில் நம்பகமான பிளக் ஒன்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இதற்குப் பதில் இல்லாதவர் மற்றக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

எனக்கும் இப்போது முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. என் பெட்ரோல் கார் 2013-இல் வாங்கியது. தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடையே வீடு, நாகர்கோவிலில் வேலை. போக வர நாற்பது கிலோமீட்டரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களும் சேர்ந்து மாதம் ஆயிரம் கிலோமீட்டர். என் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: பழைய காரையே ஓட்டுவது, புதிய பெட்ரோல் கார், சிஎன்ஜி என்கிற இயற்கை எரிவாயுவில் ஓடும் கார், மின்சார கார். ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,672 சதுர கிலோமீட்டர்தான். களியக்காவிளையில் புறப்பட்டுக் கன்னியாகுமரி முனையில் போய் நின்றால் அறுபது கிலோமீட்டர்கூட முழுதாக வராது. அந்த அறுபதைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்பது வேறு விஷயம். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகும் அதன் இரு முனைகளிலும் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகிறோம். நான்குவழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஏற்றம், இறக்கம், வளைவு, ஜங்ஷன், சந்தை, பள்ளிக்கூடம் என்று இங்கே நாற்பது கிலோமீட்டர் வேகத்தைச் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பிடித்தால் அதிர்ஷ்டம்.

பெட்ரோல் காருக்கு இப்படிப்பட்ட ஓட்டம் நஞ்சு. நின்று நின்று போவதில் மைலேஜ் சரியும், கிளட்ச் தேயும். மின்சார காருக்கு இதுவே பிடித்த நிலம். நிற்கும்போது மோட்டார் எதையும் குடிப்பதில்லை. இறக்கத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரத்தின் சுழற்சியில் ஒரு பங்கு மின்சாரமாகிப் பேட்டரிக்குத் திரும்புகிறது. நெடுஞ்சாலையில் நூறில் பறக்கும்போதுதான் அது பேட்டரியை மளமளவென்று காலி செய்யும். பெட்ரோல் காருக்கு நேர் எதிர்.

அத்தான் மின்சார காருக்கு மாறியதன் உண்மையான காரணம் பெட்ரோல் விலைகூட இல்லை. இடது முழங்கால். மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டு வந்தால் அன்று மாலை தைலம் தேய்த்துக்கொண்டு உட்காருவார். இப்போது கிளட்சும் இல்லை, கியரும் இல்லை, தைலமும் இல்லை. (பெட்ரோலிலும் தானியங்கி கியர் கார்கள் உண்டு என்று நான் அப்போதே சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.)

ஆனியில் அடித்த காற்று

இனி அந்த இரண்டாவது கேள்வி. கம்பெனிக்காரர்கள் சொல்லும் தூரத்தை அப்படியே நம்புகிறவர் யாரும் இப்போது இல்லை என்று நினைக்கிறேன். ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்து எடுத்த எண் அது. டாடா டியாகோ மின்சார கார் 2022-இல் வந்தபோது பெரிய பேட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்றார்கள். 2024 ஜனவரியில் வந்த பஞ்ச் மின்சார காருக்கு 421. ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றி நம் சாலையில் ஓட்டினால் அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் கிடைத்தால் இலாபம்.

அத்தானின் காரில் இருப்பது 24 கிலோவாட் மணி பேட்டரி. இந்தக் கிலோவாட் மணி என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். மின்வாரியக் கார்டில் நாம் பார்க்கிற யூனிட்தான் அது. இருபத்துநாலு யூனிட் கொள்ளும் தொட்டி என்று புரிந்துகொண்டால் போதும். சாதாரண பதினைந்து ஆம்பியர் பிளக்கில் இரவு பத்து மணிக்குச் செருகினால் காலை ஏழுக்குள் காலித் தொட்டியும் நிறைந்துவிடும். தினமும் காலியாவதில்லை என்பதால் நடைமுறையில் மூன்று மணி நேரம் செருகினால் அதிகம்.

போன ஆனி மாதம் அவரோடு திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து 85 கிலோமீட்டர். நூறு சதவீதத்தில் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்தபோது 61. அத்தான் முகத்தில் பெருமை தாங்கவில்லை. திரும்பும்போது பணகுடி தாண்டி முப்பந்தலை நெருங்கியதும் காற்று தொடங்கியது. ஆனியும் ஆடியும் அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் மேற்கிலிருந்து வரும் காற்று, ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். சாலையின் இருபுறமும் காற்றாலைகள் தலைகால் புரியாமல் சுற்றுகின்றன. எங்கள் கார் திரையில் சதவீதம் கண்ணெதிரே இறங்குகிறது. போகும்போது முதுகைத் தள்ளிய அதே காற்று, வரும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. அத்தான் ஏசியை அணைத்தார். பிறகு பாட்டையும் அணைத்தார், அது எதற்கு என்று தெரியவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது மிச்சம் 13 சதவீதம். போக 39, வர 48.

நாடே பேசுகிற காற்றாலைப் பண்ணைக்கு நடுவில், பக்கத்து மாவட்டக் கூடங்குளத்தில் அணுமின் நிலையத்தையும் வைத்துக்கொண்டு, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று வியர்த்துக்கொண்டு வந்தது எங்களுக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் அந்த ஒரு பயணத்தில் எல்லை எது என்பது தெளிவாகிவிட்டது. 24 யூனிட் காரில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போய்த் திரும்பலாம், வழியில் வேறெங்கும் வண்டியைத் திருப்பக்கூடாது. திருச்செந்தூர் போய்த் திரும்புவது நகத்தைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டிய தூரம். அக்கா அங்கே பஸ்ஸில் போய் வருகிறார், அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. திருவனந்தபுரம் இதைவிட எளிது. விமான நிலையத்தில் ஆளை இறக்கிவிடவோ, மருத்துவக் கல்லூரியில் ஒருவரைப் பார்க்கவோ போய் வந்தால் 140 கிலோமீட்டர். மெதுவான சாலை என்பதால் வீடு திரும்பும்போது கால்வாசிக்கு மேல் மிச்சமிருக்கிறது. குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியே கார் எடுக்கும் காரணங்களை எண்ணிப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவரை அழைத்து வருவதும் ஆஸ்பத்திரியும் முதலிரண்டு இடத்தில் நிற்கும். இரண்டும் திருவனந்தபுரம்தான்.

சென்னைக்கு 700 கிலோமீட்டர் காரில் போகிறவர்கள் எத்தனை பேர்? கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அனந்தபுரி இருக்கிறது, 2024 ஆகஸ்ட் இறுதியிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத்தும் ஓடுகிறது. வருடத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணிக்கோ சபரிமலைக்கோ போகிற வீட்டார் அந்த ஒரு தடவைக்கு வண்டி வாடகைக்குப் பிடித்தால் முடிந்தது. ஆனால் மாதம் இரண்டு முறை மதுரைக்குப் போகும் வியாபாரி என்றால் பெட்ரோல் காரிலேயே இருங்கள், அல்லது 45 யூனிட்டுக்கு மேல் கொள்ளும் பெரிய பேட்டரிக் காருக்குப் போங்கள். சின்ன மின்சார காரை வாங்கிவிட்டுப் பிறகு அதைத் திட்டக்கூடாது.

வழியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போடலாம். எண்ணெய் நிறுவனங்களின் பம்புகளிலும் ஓட்டல்களிலும் வேக சார்ஜர்கள் வந்திருக்கின்றன. பத்து சதவீதத்திலிருந்து எண்பதுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். கேரள எல்லையைத் தாண்டினால் அந்த மாநில மின்வாரியமே சார்ஜிங் நிலையங்கள் வைத்திருக்கிறது. ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் மின்கம்பத்திலேயே பெட்டி மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் நெடுஞ்சாலையோர ஓட்டல் ஒன்றில் எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கைபேசிச் செயலி 'தயாராக உள்ளது' என்று காட்டியது. போய்ப் பார்த்தால் திரை கறுத்துக் கிடந்தது. காவலாளி, "இரண்டு நாளாக இப்படித்தான் சார், நீங்கள் ஐந்தாவது ஆள்" என்றார். எதிர்பார்த்துப் போகும் இடத்துக்கு மாற்றாக இன்னோர் இடத்தைக் குறித்து வைக்காமல் கிளம்பக்கூடாது என்று அன்று படித்தோம். பெட்ரோல் பம்புக்கு யாரும் இப்படித் திட்டம் போடுவதில்லை. இது மின்சார காரின் உண்மையான குறை, மழுப்ப வேண்டியதில்லை.

இரண்டு மாத பில்

செலவுக் கணக்கில்தான் ஷோரூம்காரர்களோடு எனக்குச் சண்டை. "கிலோமீட்டருக்கு அறுபது பைசா சார்" என்பார்கள். அது எந்த ஊர் யூனிட் விலை என்று கேட்டால் பதில் வராது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிப்படியாக ஏறும் விகிதத்தில் வருகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட் நாலே முக்கால் ரூபாய் அளவில், 500 வரை ஆறரை அளவில், அதைத் தாண்டினால் எட்டரை, 600-ஐத் தாண்டினால் ஒன்பதரை என்று ஏறும். 1,000 தாண்டினால் பதினொன்றுக்கு மேல். மொத்தம் 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு இரண்டாவது நூறுக்குக் கிடைக்கும் பாதிச் சலுகையும் போய்விடும். கார் குடிக்கிற யூனிட்கள் எப்போதும் இந்தப் படிக்கட்டின் உச்சியில்தான் போய் உட்காரும். ஏனென்றால் கீழ்ப்படிகளை ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஃபேனும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

என் வீட்டுக் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடுகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு ஏழரை கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் கார் 270 யூனிட் குடிக்கும். மொத்தம் 620. நான் 350-லிருந்து 620-க்கு ஏறும்போது கூடுதலாகக் கட்ட வேண்டியது, இழக்கும் சலுகையையும் சேர்த்துச் சுமார் 2,200 ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் பத்து பைசா. அறுபது பைசா எங்கே, இது எங்கே?

இருந்தும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இந்தப் படிக்கட்டு ஏற்றம் எறும்புக் கடிதான். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல், நம் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ரூபாய். அதே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு 13,500. (கேரளத்தைவிட நமக்குப் பெட்ரோல் மலிவு. களியக்காவிளைப் பம்புகளில் கேஎல் எண் பலகை வண்டிகள் நிற்பதைப் பார்த்து நாம் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.) வெளியே வேக சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயை ஒட்டியோ தாண்டியோ போட்டால்கூடக் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்தான் ஆகிறது. ஆனால் எல்லாச் சார்ஜையும் வெளியிலேயே போட வேண்டிய நிலை என்றால் பாதி இலாபமும் மொத்த நிம்மதியும் போய்விடும்.

இனி வாங்கும் விலை. மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. ஆகவே பெட்ரோல் கார் மலிவாகி, இரண்டுக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கிறது. பதிலுக்குச் சாலை வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை விலையுள்ள பெட்ரோல் காருக்கு 13 சதவீதம், பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை 18 சதவீதம் கட்ட வேண்டும். மின்சார வாகனத்துக்கு அரசு முழு விலக்கு கொடுத்து வந்திருக்கிறது. அது தேதி வைத்து நீட்டிக்கப்படும் சலுகை என்பதால் முன்பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டிலும் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் வருமான வரியில் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் புன்னகையோடு எழுந்து வந்துவிடுங்கள். அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் கடன் ஒப்புதல் பெற்றவர்களோடு முடிந்துவிட்டது. அத்தானிடமும் ஒருவர் சொன்னார், ஆடிட்டர் சிரித்தார்.

ஏழு லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்குச் சாலை வரி 91,000. பத்து லட்ச ரூபாய் மின்சார காருக்கு விலக்கு இருந்தால் ஒன்றுமில்லை. ஆக உண்மையான வித்தியாசம் இரண்டேகால் லட்சத்துக்குள் நிற்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு எரிபொருளில் மாதம் 5,650 மிச்சமாகும். மூன்றேகால் வருடத்தில் கூடுதல் பணம் திரும்பிவிடும். என் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. அவருக்கு அது திரும்ப ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். கூடுதல் தொகையைக் கடனாக வாங்கினால் வட்டியும் சேரும். அவரிடம் நான், "சார், நீங்கள் பழைய காருக்கு நல்ல டயர் நாலு மாற்றுங்கள்" என்றேன். மாற்றிவிட்டார்.

2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் வந்தபோது பேட்டரிக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்கில் வாடகை என்று ஒரு திட்டமும் வந்தது. முதலில் கட்டும் தொகை குறைந்து கண்ணைப் பறிக்கும். கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை, அதன் மேல் மின்கட்டணம் என்று கூட்டிப் பார்த்தால் பெட்ரோலை நெருங்குகிறோம். எனக்கு அது பிடிக்கவில்லை.

பேட்டரி பயம் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. என் ஓட்டத்துக்கு எட்டு வருடத்தில் ஒரு லட்சத்தைக்கூடத் தொட மாட்டேன். தீப்பிடித்த ஸ்கூட்டர்கள் செய்தியான 2022-க்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு இறுக்கியது. என் கவலை வேறு. ஐந்து வருடம் கழித்து விற்கப் போனால் மார்த்தாண்டத்துப் பழைய கார் வியாபாரி என்ன விலை சொல்வார்? பெட்ரோல் காரின் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டே விலை சொல்லிவிடுவார். பேட்டரிக்குக் காது கொடுக்க முடியாதே. ஆகையால் மின்சார காரை வாங்குகிறவர் விற்கும் நினைப்பே இல்லாமல் எட்டு வருடம் ஓட்டத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு கார் மாற்றும் ஆசை உள்ளவருக்கு இது சரிப்படாது.

சிஎன்ஜியை ஏன் ஒதுக்கினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிலோமீட்டர் செலவு பெட்ரோலைவிடக் குறைவு, காரும் மின்சார காரைவிட மலிவு. ஆனால் எல்லாப் பம்பிலும் கிடைப்பதில்லை, கிடைக்கும் இடத்தில் ஆட்டோக்களோடு வரிசையில் நிற்க வேண்டும், டிக்கி சிலிண்டருக்குப் போய்விடும். பம்புக்குப் பக்கத்திலேயே வீடு அமைந்தவர் தாராளமாக வாங்கலாம். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்கள் நம் சாலைக்கு அருமையாகப் பொருந்தும். விலை என் பையைத் தாண்டிவிட்டது, அதனால் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கரண்ட் போனால்?

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஒக்கி மாதிரி இன்னொன்று வந்தால் என்ன செய்வாய்?"

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த நாள். அன்று காலை இந்த மாவட்டத்தில் இருந்தவர்கள் யாரும் அந்தச் சத்தத்தை மறந்திருக்க மாட்டார்கள். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஒடிந்து விழுந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. அப்போது என்னிடம் மின்சார கார் இருந்திருந்தால் அது ஷெட்டில் அழகுப் பொருளாக நின்றிருக்கும். பம்பில் ஜெனரேட்டர் ஓடினால் பெட்ரோல் கார்க்காரர் கேனோடு போயாவது வாங்கலாம். அம்மா சொன்னது நியாயம்தான். பேட்டரி எண்பது சதவீதம் இருக்கும்போது புயல் வந்தால் எனக்கு மூன்று நான்கு நாள் ஊருக்குள் ஓடப் போதும். இருபதில் இருக்கும்போது வந்தால் போதாது. ஐப்பசி பிறந்ததும் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருப்பது அத்தான் வழக்கம். டாடா நெக்ஸான் மின்சார கார் மாதிரிச் சில கார்களில் பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே எடுத்து வீட்டு ஃபேனையும் விளக்கையும் ஓட்டும் வசதி இருக்கிறது. புயல் நாளில் கார் ஓடாவிட்டாலும் ஃபேன் ஓடும் என்று அம்மாவிடம் சொன்னேன். பாதி சமாதானமானார்.

அன்றாட மின்தடை அவ்வளவு பெரிய விஷயமில்லை. தென்னை மட்டை விழுந்து லைன் அறுந்தால் லைன்மேன் வந்து கட்ட மூன்று மணி நேரம். பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்துவது வேலைக்குப் போயிருக்கும் காரைப் பாதிக்காது. ஐப்பசி மாலையில் இடி இறங்கும் நேரம்தான் பிரச்சினை. முதல் இடி கேட்டதும் அக்கா, டிவி பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்பு கார் பிளக்கைப் பிடுங்குகிறார். பத்து லட்சத்தின் மேல் பாசம்.

கூரையில் சோலார் போட்டுவிட்டால் மின்கட்டணப் படிக்கட்டே இல்லையே என்று பலர் சொல்கிறார்கள். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வரும். என் காருக்கும் வீட்டுக்கும் போதும். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும் என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றி நிற்கும் தென்னைகளையும் கழித்துக்கொள்ளுங்கள். என் கூரையில் பத்து மணிக்கு ஒரு தென்னையின் நிழல், மூன்று மணிக்கு இன்னொன்றின் நிழல். வெட்டலாமா என்று அம்மாவிடம் கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

மறுபடி முதல் கேள்விக்கு வருகிறேன். கொல்லங்கோட்டிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரை ஊர்களைப் பாருங்கள். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. கார் வீட்டு வாசலுக்குப் போகாது. கோவில் மைதானத்திலோ சாலையோரத்திலோ நிற்கும். அங்கே யார் வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுப்பது? உள்நாட்டிலும் விளைக்குள், அதாவது தோப்புக்குள், ஒற்றையடி நடையில் போய்ச் சேரும் வீடுகள் நிறைய உண்டு. கார் பக்கத்து வீட்டுப் புரையிடத்தில் நிற்கும். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரிடம் கேட்டுத் துணை மீட்டர் வைத்துக்கொள்ளலாம். எல்லா வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார்கள். இவர்களுக்கெல்லாம் இன்றைய நிலையில் பெட்ரோல் காரே பொருத்தம்.

அல்லது நான் சொன்ன அந்த ஐந்தாவது வழி. பழைய பெட்ரோல் காரை வைத்துக்கொண்டு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்குவது. சந்தை, பள்ளிக்கூடம், பேங்க், கோவில் என்று நாளுக்கு இருபது கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்குக் காரின் வேலையில் பெரும்பங்கை அது எடுத்துக்கொள்ளும். சாதாரண பிளக்கே போதும், சிலவற்றில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகலாம், மின்கட்டணத்தில் தெரியவே தெரியாது. இரண்டேகால் லட்சம் கூடுதலாகக் கொடுப்பதைவிட ஒரு லட்சத்துச் சொச்சத்தில் முடிகிறது. மழையில் நனைய வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. நம் மாவட்டத்தில் அது சின்னக் குறை இல்லை. மாதம் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுகிற யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். ஆசிரியருக்கும் டயரோடு இதையும் சொன்னேன். ஹெல்மெட் பிடிக்காது என்றுவிட்டார்.

எனக்கு அது உதவாது. தினம் நாற்பது கிலோமீட்டர், பின் சீட்டில் மகள், வருடத்தில் பாதி நாள் மழை. சொந்தக் கேட் இருக்கிறது, கார் ஷெட் இருக்கிறது, மீட்டர் பெட்டியிலிருந்து பன்னிரண்டு அடி தூரம். மெதுவான சார்ஜரே எனக்குப் போதும் என்பதால் சிங்கிள் பேஸ் இணைப்பை மாற்ற வேண்டியதில்லை. 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டி வைக்க ஆசைப்பட்டிருந்தால் த்ரீ பேஸுக்கு விண்ணப்பித்து அலைந்திருக்க வேண்டும். 35 யூனிட் பேட்டரியா 24-ஆ என்பதில் மட்டும் மனம் ஊசலாடியது. ஆரல்வாய்மொழிக் காற்றை நினைத்துப் பெரியதற்கு முடிவு செய்திருக்கிறேன்.

ஆனால் ஷோரூமுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. அக்காவின் வீட்டில் குழி தோண்டிய அதே எலக்ட்ரீஷியனை முதலில் வரச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டு ஏர்த்தைச் சோதித்துப் பார்த்து, தேவையென்றால் புதுக் குழி தோண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னார். மழை பெய்தால் அடுத்த ஞாயிறு.